எஸ்எம்எஸ் அனுப்பப்போகும் நேரத்தில் மோடம் அணைந்துவிடுகிறது: வோல்ற் எங்கே போகிறது, எந்தச் சுவிட்ச் சிப் போடலாம்?

வாய்க்கால்மேடு (முத்தையன்கட்டு)

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு கிழமையாக ஒரே இடத்தில் நிற்கிறேன், உதவி வேண்டும்.

சிறுபோகத்துக்கு எங்கள் பக்கம் முறைத் தண்ணீர்தான். வாய்க்காலில் எங்கள் முறை சில நாள் நடுச்சாமத்தில் வரும். அப்பா ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு இரவில் இரண்டு மூன்று தடவை போய்ப் பார்ப்பார். காட்டோரம் யானை நிற்கிற இடம் அது. அதனால்தான் வாய்க்கால் வாயில் ஒரு மிதவை ஆளி வைத்து, தண்ணீர் ஏறினதும் போனுக்கு எஸ்எம்எஸ் வருகிறமாதிரி ஒன்றைச் செய்யத் தொடங்கினேன்.

அமைப்பு இதுதான். காவல் கொட்டிலில் 20 வாற் சோலார் பனல், 12 வோல்ற் 7 அம்பியர்-மணி பற்றரி. அதற்குப் பக்கத்திலேயே எல்எம்2596 பக் கன்வேட்டர் (வோல்ற்றை இறக்கிக் கொடுக்கிற பலகை), 4.2 வோல்ற்றுக்குத் திருகி வைத்திருக்கிறேன். அங்கிருந்து வாய்க்கால் வாய் வரை 38 மீற்றர். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு இழுக்கிற மெல்லிய இரட்டை வயர் வீட்டில் கிடந்தது, அதைத்தான் இழுத்தேன். மறுமுனையில் 3.3 வோல்ற் ஆர்டுயினோ புரோ மினி என்கிற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையும், சிம்800எல் மோடத்தின் சின்னச் சிவப்புப் பலகையும். மோடம் எந்நேரமும் ஓடினால் மாரியில் பற்றரி தாங்காது என்பதால், தேவைப்படும்போது மட்டும் அதற்குக் கரண்ட் கொடுக்க ஒரு ஐஆர்எஃப்540என் மொஸ்பெற்றை (சுவிட்ச் மாதிரி வேலை செய்கிற ட்ரான்சிஸ்டர்) மோடத்தின் மண் பக்கத்தில், அதாவது மைனஸ் பக்கத்தில் போட்டிருக்கிறேன். அதைத் திறந்து மூடுகிற கேற் என்ற கால் நேரே ஆர்டுயினோ காலுக்குப் போகிறது.

வீட்டு மேசையில் மொஸ்பெற் இல்லாமல் அரை மீற்றர் வயரில் நன்றாக வேலை செய்தது. வாய்க்காலடியில் மோடத்தின் லைற் ஒரு நொடிக்கு ஒருதரம் மினுங்கும், வலையமைப்பில் சேரப் பார்க்கும், அணையும், திரும்ப முதலிலிருந்து தொடங்கும். மூன்று நொடிக்கு ஒருதரம் என்ற நிலைக்கு வருவதே இல்லை. மோடம் அனுப்புகிற எழுத்துகளைக் காட்டும் கணினித் திரையில் இடைக்கிடை ‘அண்டர் வோல்டேஜ்’ என்று ஒரு வரி விழுகிறது. ஆனால் மல்ரிமீற்றர் மோடத்தின் கால்களில் 4.07 வோல்ற் காட்டுகிறது, அணையும் நேரத்தில்கூட 3.8, 3.9க்குக் கீழே நான் காணவில்லை.

மொஸ்பெற்றை மாற்றி நல்ல பவர் சுவிட்ச் சிப் ஒன்று போட்டால் சரிவருமா? எதை வாங்கலாம்? கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும், ஒரே தடவையில் சரியானதை வாங்கப் பார்க்கிறேன்.

கச்சான்காடு (புதுக்குடியிருப்பு)

தம்பி, சிப்பை இப்போது வாங்காதீர்கள். வோல்ற் எங்கே விழுகிறது என்று தெரியாமல் சாமான் மாற்றுவது காசுக்கும் கேடு, நேரத்துக்கும் கேடு. நான் முச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள் வயரிங் வேலை செய்கிறவன். ஸ்டாட்டர் இழுக்கவில்லை என்று வண்டி வந்தால் பற்றரியை முதலில் சந்தேகப்பட மாட்டேன். சுமையைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் குறுக்கே மல்ரிமீற்றரைப் பிடிப்பேன். பற்றரிக் கம்பத்துக்கும் அதன் மேல் இருக்கிற கிளிப்புக்கும் நடுவே, வயரின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவே, பியூஸின் இரண்டு பக்கமும். நல்ல இணைப்பென்றால் சில மில்லி வோல்ற்தான் காட்டும். எங்கே அரை வோல்ற் நிற்கிறதோ அங்கேதான் நோய்.

இரண்டு விஷயத்தை மறந்துவிடாதீர்கள். சுமை இல்லாமல் அளந்தால் எல்லாம் நல்லதாகத்தான் தெரியும். மற்றது, மண் வயரும் வயர்தான். பலர் பிளஸ் பக்கத்தை மட்டும் அளந்துவிட்டு விட்டுவிடுவார்கள், பாதிக் குற்றம் மைனஸில் இருக்கும்.

பற்றாசு (வவுனியா)

கச்சான்காடு அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தம்பியின் மல்ரிமீற்றர் பொய் சொல்லவில்லை, வோல்ற் ஒரு கணம் சட்டென்று விழுகிற குழி அதன் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

சிம்800எல் 2ஜி மோடம். அது தொடர்ந்து ஒலிபரப்புவதில்லை. 4.6 மில்லி செக்கனுக்கு ஒருமுறை, 0.577 மில்லி செக்கன் மட்டும் முழு வலுவில் அலையை விடும். எட்டில் ஒரு பங்கு நேரம். கோபுரம் தூரமாக இருந்தால் அந்தச் சிறு நேரத்தில் 2 அம்பியர் வரை இழுக்கும். மற்ற நேரம் கொஞ்சம்தான். சாதாரண மல்ரிமீற்றர் நொடிக்கு இரண்டு மூன்று தடவை மட்டும் வாசித்து, நடுவில் உள்ளதைச் சராசரியாக்கிக் காட்டும். குழி 3 வோல்ற் வரை போனாலும் திரையில் 3.9தான் நிற்கும். மோடத்துக்கோ 3.4க்குக் கீழே ஒரு கணம் போனாலே போதும், தன்னை அணைத்துக்கொள்ளும். மேல் எல்லை 4.4. ஆகவே நீங்கள் வைத்திருக்கிற 4.2 சரியான இடம்தான்.

இனி வயர். செம்பின் தடைத்திறன் ஒரு சதுர மில்லிமீற்றர் தடிப்பில் மீற்றருக்கு 0.0172 ஓம். உங்கள் வயர் அரைச் சதுர மில்லிமீற்றர் என்று வைப்போம். 38 மீற்றர் போய் 38 மீற்றர் திரும்புகிறது, மொத்தம் 76. 76 × 0.0172 ÷ 0.5 = 2.6 ஓம். இதில் 2 அம்பியர் போனால் 5.2 வோல்ற் வயரிலேயே விழவேண்டும். உங்களிடம் இருப்பதோ 4.2. அதாவது அந்த 2 அம்பியர் அங்கே போய்ச் சேரவே வழியில்லை.

மொஸ்பெற்றும் பொருத்தமில்லை. ஐஆர்எஃப்540என் நல்ல சாமான்தான், 44 மில்லி ஓம், ஆனால் அது கேற்றுக்கு 10 வோல்ற் கொடுத்தால். தரவுத்தாளில் 2 முதல் 4 வோல்ற் என்று இருப்பதைப் பார்த்து 3.3 போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது முழுதாகத் திறக்கும் அளவல்ல, 0.25 மில்லி அம்பியர் கசியத் தொடங்கும் அளவு. 3.3இல் உங்கள் மொஸ்பெற் பாதி திறந்த மதகு.

மண் பக்கத்தில் சுவிட்ச் போட்டதும் தொல்லை தரும். மோடத்தின் மண் உயர்ந்தால் தொடர்வயரில் போகிற எழுத்துகள் குழம்பும். அணைத்த பிறகும் கரண்ட் ஆர்டுயினோவின் காலுக்குள்ளால் வழி தேடும். மோடத்துக்குப் பிளஸ் பக்கத்தில்தான் சுவிட்ச் போடவேண்டும்.

வாய்க்கால்மேடு

நன்றி அண்ணா, அக்கா. என்னிடம் ஒசிலோஸ்கோப் இல்லை, கிட்டடியில் யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை. அந்தக் குழியைக் காணாமல் எப்படி உறுதிப்படுத்துவது? மோடம் இழுப்பது ஒரு கணம், நான் அளப்பது ஆறுதலாக.

பழைய றேடியோ (கிளிநொச்சி)

குழியைத் தேடாதே தம்பி, குழியை நிரந்தரமாக்கு. மோடத்தைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பல்ப்பைக் கட்டு. மோட்டார் வண்டியின் பிரேக் லைற்றுக்குப் போடுகிற 12 வோல்ற் 21 வாற் பல்ப். 4 வோல்ற்றில் அது கிட்டத்தட்ட ஒரு அம்பியர் இழுக்கும், மங்கலாகச் சிவந்து எரியும். அது மோடம் மாதிரித் துடிக்காது, ஒரே சீராக இழுக்கும். இப்போது கச்சான்காடு தம்பி சொன்னபடி ஒவ்வொரு துண்டாக அள. ஒரு அம்பியருக்கு விழுவதை இரண்டால் பெருக்கினால் மோடத்துக்கு விழப்போவது தெரிந்துவிடும்.

38 மீற்றர் நீளத்துக்கு மல்ரிமீற்றரின் கம்பி எட்டாது என்று நினைப்பாய். வயரைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து முற்றத்தில் போடு. இரண்டு முனையும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும்.

தொண்ணூறுகளில் இங்கே மின்சாரம் இல்லை, பற்றரியும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் வானொலி கேட்ட சனம் நாங்கள். செய்தி நேரத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் இருபது பேர் நிற்பார்கள். டைனமோவிலிருந்து போகிற வயரை இரண்டு முழம் குறைத்தால் சத்தம் கூடும், முறுக்கி விட்ட மூட்டைச் சுரண்டித் திரும்ப முறுக்கினால் இன்னும் கூடும். வோல்ற் வயரில் விழும் என்பதைக் காதால் படித்தது அப்போதுதான்.

வாய்க்கால்மேடு

நேற்றுப் பின்னேரம் செய்து பார்த்தேன். வயரை மாமரத்துக்குக் கீழே சுருட்டிப் போட்டு, பல்ப்பைக் கட்டி, மல்ரிமீற்றரை 10 அம்பியர் பக்கத்தில் தொடராக வைத்தபோது 0.68 அம்பியர் காட்டியது. ஐயா சொன்ன ஒரு அம்பியர் வரவில்லை, ஏனென்றால் பல்ப்புக்கு 4 வோல்ற் போய்ச் சேரவில்லை. பிறகு அதை எடுத்துவிட்டு வோல்ற் அளந்தேன்:

கன்வேட்டர் வெளிவாயில் 4.18
பியூஸ் பிடியின் இரண்டு பக்கமும் 0.26
பிளஸ் வயரின் முனைக்கு முனை 0.88
மைனஸ் வயரின் முனைக்கு முனை 0.90
பல்ப்பில் 2.14

கூட்டிப் பார்த்தேன், சரியாக வருகிறது. இருந்த 4.18இல் பாதி வழியிலேயே போய்விட்டது.

பியூஸ் பிடி எனக்கு அதிர்ச்சி. கண்ணாடிப் பியூஸைக் கழற்றினால் உள்ளே இருந்த பித்தளை நாக்கில் ஒரு பக்கம் களிம்பு பச்சையாகப் பூத்திருந்தது. போன மாரியில் கொட்டில் ஒழுகியது, அந்த நீர் இறங்கியிருக்கிறது. சின்னக் கத்தியால் சுரண்டி, எமரித் தாளால் தேய்த்து, நாக்கைக் கொஞ்சம் உள்ளுக்கு வளைத்து இறுக்கிப் போட்டேன். அந்த 0.26 இப்போது 0.02.

வயருக்கு என்ன செய்வது? 7/0.67 வயர் (0.67 மில்லிமீற்றர் கம்பி ஏழு சேர்ந்தது) போட்டால் சரியாகுமா?

பற்றாசு

அருமையான அளவீடு தம்பி. 0.88ஐ 0.68ஆல் பிரித்தால் ஒரு வயருக்கு 1.29 ஓம். நான் ஊகித்த அரைச் சதுர மில்லிமீற்றர் கிட்டத்தட்டச் சரி.

7/0.67 என்பது 2.5 சதுர மில்லிமீற்றர். போய்த் திரும்ப 0.52 ஓம், 2 அம்பியருக்கு 1.05 வோல்ற். 4.2இல் ஒன்று போனால் 3.15. அவ்வளவு காசு கொடுத்தும் மோடம் அணையும். தடித்த வயர் இதற்கு மருந்தல்ல. கன்வேட்டரைக் கொட்டிலிலிருந்து எடுத்து வாய்க்கால் பெட்டிக்குள் வையுங்கள். வயரில் 12 வோல்ற் போகட்டும்.

கணக்கைப் பாருங்கள். மோடத்துக்கு 4 வோல்ற்றில் 2 அம்பியர், 8 வாற். கன்வேட்டரின் திறன் 85 வீதம் என்றால் உள்ளே 9.4 வாற் வேண்டும். உங்கள் அதே மெல்லிய வயரில் இது ஏறத்தாழ ஒரு அம்பியர், 2.6 வோல்ற் விழும், கன்வேட்டரின் வாசலில் 9.4 வோல்ற் நிற்கும். அது தாராளம். அதுவும் 2 அம்பியர் இடைவிடாமல் இழுத்தால்தான் இப்படி. உண்மையில் எட்டில் ஒரு பங்கு நேரம்தான், அந்தக் கணத்தை மோடத்துக்குப் பக்கத்தில் வைக்கிற கொள்ளளவி (கப்பாசிற்றர்) தாங்கும். மின்சார சபை ஊருக்கு ஊர் உயர் அழுத்தத்தில் கொண்டுபோய், வீட்டுக்குக் கிட்ட இறக்குவதும் இதே காரணத்துக்குத்தான்.

கொள்ளளவி எவ்வளவு? 2 அம்பியர் × 0.577 மில்லி செக்கன் = 1.15 மில்லி கூலோம். கன்வேட்டர் ஒன்றுமே கொடுக்கவில்லை என்று வைத்தாலும் 1000 மைக்ரோபரட் 1.15 வோல்ற் இறங்கும், 2200 போட்டால் 0.52. 4.1இலிருந்து 3.58, எல்லைக்கு மேலே. ஆகவே 2200 மைக்ரோபரட், உள்தடை குறைந்த வகை, மோடத்தின் கால்களில் இருந்து இரண்டு மூன்று சென்றிமீற்றருக்குள். பழைய கணினிப் பலகைகளில் இருப்பவை நல்லவை, மேல் மூடி வீங்காததாகப் பார்த்து எடுங்கள். தூரத்தில் வைத்த கொள்ளளவிக்கு மதிப்பில்லை.

இப்போதுதான் சிப்பைப் பற்றிப் பேசலாம். மோடத்தின் 4 வோல்ற் பக்கத்தில் சுவிட்ச் என்றால் என் வரிசை இது.

டிபிஎஸ்22918. 1 முதல் 5.5 வோல்ற் வரை, 2 அம்பியர், 52 மில்லி ஓம். 2 அம்பியரில் 0.1 வோல்ற்தான் விழும். 3.3 வோல்ற் கால் நேரே இதை இயக்கும், இடையில் ஒன்றும் தேவையில்லை. எவ்வளவு மெதுவாகத் திறக்கவேண்டும் என்பதை ஒரு சின்னக் கொள்ளளவியால் முடிவு செய்யலாம். ஆறு கால், கண்ணுக்குச் சிறியது, ஆனால் கூர்முனை இரும்பால் கையாலேயே ஈயம் பற்றவைக்கலாம்.

டிபிஎஸ்22965. 16 மில்லி ஓம், 6 அம்பியர். தரவுத்தாளில் பார்த்தால் ஆசை வரும். ஆனால் வெளியே நீட்டின கால் இல்லாத பொதி அது, வயிற்றுக்குக் கீழே ஈயம். சூடான காற்று இல்லாமல் வேண்டாம்.

ஏஓ3401, தனி பி-சானல் மொஸ்பெற். 4.5 வோல்ற்றில் 60 மில்லி ஓம், மலிவு, எங்கும் கிடைக்கும். இதன் கேற்றை 3.3 வோல்ற் காலால் நேரே பிடித்தால் முழுதாக மூடாது. மேலே 4.1, கேற்றில் 3.3, இடைவெளி 0.8 வோல்ற். அது 0.5இலேயே கசியத் தொடங்கக்கூடிய சாமான். ஒரு 2என்7002ஐ (சின்ன என்-சானல் மொஸ்பெற்) நடுவில் போட்டு, கேற்றிலிருந்து மேலே 100 கிலோ ஓம் தடையி ஒன்று கட்டவேண்டும்.

யூஎஸ்பி வாய்க்குப் போடுகிற மின்னோட்டம் மட்டுப்படுத்தும் சிப்புகளில் கவனம். டிபிஎஸ்2553 1.5 அம்பியர் வகை, டிபிஎஸ்2041 அரை அம்பியர் வகை. மோடம் 2 கேட்கும்போது இவை வெளிவோல்ற்றைக் கீழே இறக்கிவிடும். அது வயர் பழுது மாதிரியே தெரியும், நாள் முழுக்கத் தேடுவீர்கள்.

இன்னொன்று. 2200 மைக்ரோபரட்டைச் சுவிட்சுக்குப் பிறகு வைத்தால், திறக்கிற கணத்தில் வெறும் கொள்ளளவி குறுக்குச்சுற்று மாதிரி இழுக்கும், ஆர்டுயினோ விழும். சுவிட்சுக்கு முன்னால் வைத்தால் அது எப்போதும் நிறைந்தே இருக்கும். சுவிட்சுக்குப் பின்னால் 100 மைக்ரோபரட்டும் ஒரு 0.1 மைக்ரோபரட்டும் போதும்.

கச்சான்காடு

தங்கச்சி, ஒரு சந்தேகம். அரை அம்பியர் மட்டுப்படுத்தும் சிப்புக்குப் பிறகு பெரிய கொள்ளளவியை வைத்தால், மோடம் திடீரென்று இழுக்கிற வெடிப்பைக் கொள்ளளவி கொடுக்கும், சிப் இடைவேளையில் நிரப்பும். அப்படிச் செய்ய முடியாதா? வண்டியில் ஸ்டாட்டருக்குப் பற்றரி கொடுக்க, ஓல்டனேற்றர் பிறகு அதை ஆறுதலாக நிரப்புகிற மாதிரி.

பற்றாசு

முடியும் அண்ணா, நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். 1.15 மில்லி கூலோமை அரை அம்பியரில் நிரப்ப 2.3 மில்லி செக்கன் போதும், அடுத்த வெடிப்புக்கு 4 மில்லி செக்கன் இருக்கிறது. தொடக்கத்தில் கொள்ளளவி நிரம்பும்போதும் சிப்பே மட்டுப்படுத்தும். கொள்ளளவி இல்லாமல் போட்டால் மட்டும்தான் நான் சொன்ன தொல்லை. சிப்புக்குப் பின்னால் எங்காவது குறுக்குச்சுற்று ஆனாலும் பற்றரியைக் காக்கும், அது பெரிய நன்மை.

பழைய றேடியோ

பிள்ளைகள் இரண்டு பேரும் சொன்னது சரி. ஆனால் தம்பி ஏன் இந்தச் சுவிட்சைத் தேடுகிறான்? மாரியில் பற்றரி தாங்கவேண்டும் என்று. அப்படியானால் கன்வேட்டரையும் பார்க்கவேண்டும்.

எல்எம்2596 சுமை ஒன்றும் இல்லாமலே 5 மில்லி அம்பியர் குடிக்கும். நாளுக்கு 120 மில்லி அம்பியர்-மணி. மார்கழியில் ஒரு கிழமை வெயில் காணாத நாட்கள் நமக்குப் புதிதில்லை, 7 அம்பியர்-மணியில் 0.84 அப்படியே போய்விடும். மோடத்தை உறங்கவிட்டால் அது குடிப்பது ஒரு மில்லி அம்பியர் அளவுதான். அதை அணைக்கச் சிப் வாங்கிவிட்டு, ஐந்து குடிக்கிறதை எரியவிடுவதா?

அந்தக் கன்வேட்டர் சிப்புக்கு ஐந்து கால். ஐந்தாம் கால் திறப்பு மூடல் கால். நீ வாங்கின நீலப் பலகையில் அதை மண்ணோடு ஒட்டியிருப்பார்கள், அதனால் எப்போதும் ஓடும். இரும்பை வைத்து ஈயத்தை உருக்கி, ஊசி முனையால் அந்தக் காலை மட்டும் மெல்லத் தூக்கு. அதிலிருந்து ஒரு வயரை ஆர்டுயினோவுக்கு எடு. கால் உயர்ந்தால் கன்வேட்டர் மூடும், தாழ்ந்தால் ஓடும். 3.3 வோல்ற் அதற்குப் போதும். மூடிய நிலையில் 80 மைக்ரோ அம்பியர்தான் மிச்சம். அந்தக் காலிலிருந்து 3.3க்கு ஒரு 47 கிலோ ஓம் தடையி போடு, ஆர்டுயினோ விழித்தெழும் நேரத்திலும் மூடியே இருக்கட்டும்.

சிப் ஒன்றும் வாங்கத் தேவையில்லை. சுவிட்ச் உன் கையிலேயே இருக்கிறது.

பற்றாசு

ஐயா சொன்னது என் வரிசையை விட நல்லது. நான் 4 வோல்ற் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். மோடத்தை அணைக்கும் இடம் கன்வேட்டருக்கு முன்னால் இருந்தால் இரண்டும் சேர்ந்து உறங்கும்.

ஆனால் ஆர்டுயினோவுக்குத் தனி வழி வேண்டும், இல்லாவிட்டால் தன்னைத் தானே அணைத்துவிடும். எச்டி7533 போடுங்கள். 24 வோல்ற் வரை தாங்கும், 100 மில்லி அம்பியர், தனக்கு 2.5 மைக்ரோ அம்பியர்தான் எடுக்கும். கடையில் எச்டி7333ஐத் தந்துவிட்டால் வாங்காதீர்கள், அது 12 வோல்ற்றோடு சரி. நாம் 12 வோல்ற் பற்றரி என்று சொல்கிறோம், வெயில் ஏறி நிரம்பும்போது அது 14.4 வரை போகும். இதே காரணத்துக்காகத்தான் டிபிஎஸ்22918 போன்ற 5.5 வோல்ற் சிப்பை 12 வோல்ற் பக்கம் கொண்டுபோகக் கூடாது. நான் படிக்கிற காலத்தில் ஒன்றை அப்படி எரித்திருக்கிறேன், தொட்ட விரலில் தழும்பு வந்தது.

அணைக்கும் ஒழுங்கும் முக்கியம். முதலில் ஏடி+சிபிஓடபிள்யூடி=1 அனுப்பி மோடத்தை முறையாக மூடச் சொல்லுங்கள். பிறகு ஆர்டுயினோவின் அனுப்பும் காலைத் தாழ்த்துங்கள். அதன் பின் கன்வேட்டரை மூடுங்கள். அனுப்பும் கால் உயர்ந்தே இருந்தால் கரண்ட் மோடத்தின் காலுக்குள்ளால் ஏறி அதை அரை உயிரில் வைத்திருக்கும், திரும்பத் திறக்கும்போது எழும்பாது. தொடர்வயரில் ஒரு 1 கிலோ ஓம் தடையியும் போட்டுவிடுங்கள்.

பாலைமரம் (நெடுங்கேணி)

இடையில் நுழைகிறேன். எங்கள் ஊரில் யானை வேலி பராமரிப்பவர்களில் நானும் ஒருவன். வேலி அறுந்தால் கொட்டிலில் ஒரு 12 வோல்ற் 10 வாற் லைற்றும் சைரனும் போடவேண்டும். எனக்கு 12 வோல்ற் பக்கத்திலேயே சுவிட்ச் வேண்டும், அணைக்கக் கன்வேட்டர் ஏதும் இல்லை. எதைப் போடலாம்? வேலியின் துடிப்பு நொடிக்கு ஒருதரம் போகும், அது இதைக் குழப்புமா?

பழைய றேடியோ

தம்பி, பழுதான மடிக்கணினிப் பலகை ஒன்றைத் தேடிப்பிடி. பற்றரி ஏறும் வாய்க்குப் பக்கத்தில் எட்டுக் கால் பி-சானல் மொஸ்பெற் இருக்கும். எஸ்ஐ4435 என்று இருந்தால் நல்லது. 30 வோல்ற், கேற்றுக்கு 10 வோல்ற் கிடைத்தால் 20 மில்லி ஓம். உன் லைற்றும் சைரனும் சேர்ந்து 2 அம்பியர் எடுத்தாலும் 0.04 வோல்ற்தான் விழும், தொட்டால் சூடே தெரியாது. கேற்றை ஒரு 2என்7002 ஒரு தடையி வழியாகக் கீழே இழுக்கட்டும். கேற்றுக்கும் பற்றரியின் பிளஸ் வருகிற காலுக்கும் நடுவே 12 வோல்ற் செனர் இருவாயி (டயோட்) ஒன்றைப் போடு, கேற் 20 வோல்ற்றுக்கு மேல் தாங்காது.

பற்றாசு

புதிதாக வாங்குவதென்றால் டிபிஎஸ்1எச்100 இருக்கிறது, வாகனங்களுக்காகச் செய்தது, 40 வோல்ற் வரை, 100 மில்லி ஓம், குறுக்குச்சுற்றுக்கும் சூட்டுக்கும் தானே காவல். வேலியோடு கிடக்கிற சாமானுக்கு அது பொருத்தம். லைற் வயரை வேலிக் கம்பிக்குச் சமாந்தரமாக இழுக்காதீர்கள், கடக்கவேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்க விடுங்கள்.

இரண்டு பேருக்கும் பொதுவாக: நீண்ட வயர் இடி மின்னலுக்கு அன்ரெனா மாதிரி. ஐப்பசி இடிக்கு முன்னால் பெட்டியின் வாசலில் எஸ்எம்பிஜே18ஏ என்கிற அலை அடக்கும் இருவாயி ஒன்றைக் குறுக்கே போடுங்கள், அதற்கு முன்னால் பியூஸ்.

வாய்க்கால்மேடு

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், எச்டி7533 வரப் பிந்திவிட்டது.

கன்வேட்டரை வாய்க்கால் பெட்டிக்கு மாற்றினேன். வயர் அதே மெல்லிய வயர்தான். ஐந்தாம் காலைத் தூக்கும்போது கை நடுங்கியது, முதல் பலகையில் கால் முறிந்துவிட்டது. இரண்டாவதில் ஐயா சொன்னபடி ஈயம் உருகும் வரை பொறுத்திருந்து தூக்கினேன், சுகமாக எழும்பியது. 2200 மைக்ரோபரட் பழைய கணினிப் பலகையிலிருந்து, மோடத்தின் காலோடு ஒட்டினமாதிரி.

மோடத்தின் இடத்தில் அதே பல்ப்பைக் கட்டி அளந்தேன். கன்வேட்டரின் வாசலில் 11.1, பல்ப்பில் 4.12. முதலில் 2.14 இருந்த இடம் அது. பிறகு மோடத்தைப் போட்டேன். ஒரு நொடி மினுக்கம் ஒரு பதினைந்து தடவை, அதன் பிறகு மூன்று நொடிக்கு மாறி அப்படியே நின்றது. வரம்பில் குந்தியிருந்து கனநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உறக்கத்தில் முழு அமைப்பும் பற்றரியிலிருந்து 0.1 மில்லி அம்பியர் அளவுதான் எடுக்கிறது. ஆர்டுயினோவின் மேலே இருந்த சிவப்பு லைற்றையும் அதன் சொந்த றெகுலேற்றரையும் கழற்றிய பிறகு வந்த கணக்கு இது. கழற்ற முதல் ஒன்றரை மில்லி அம்பியர் அந்த இரண்டிலும் போய்க்கொண்டிருந்தது.

அக்கா சொன்ன அணைக்கும் ஒழுங்கைப் போட மறந்து ஒரு நாள் விட்டுவிட்டேன், அன்று மோடம் இரண்டாம் தடவை எழும்பவே இல்லை. அனுப்பும் காலைத் தாழ்த்தினதும் சரியாகிவிட்டது.

முந்தாநாள் இரவு 1.40க்கு எங்கள் முறைத் தண்ணீர் வந்தது. அப்பாவின் போனுக்கு எஸ்எம்எஸ் வந்த பிறகுதான் அவர் எழும்பிப் போனார், ஒரே தடவை. பக்கத்துக் காணி அண்ணாவும் தனக்கு ஒன்று கேட்கிறார். அவருடைய கொட்டில் வாய்க்காலுக்கு 90 மீற்றர். 1/1.13 வயரில் 12 வோல்ற் கொண்டுபோகலாமா?

கச்சான்காடு

1/1.13 ஒரு சதுர மில்லிமீற்றர். 180 × 0.0172 = 3.1 ஓம். உங்களுடையதைவிடக் கொஞ்சம்தான் கூட, போகலாம். ஒற்றைக் கம்பி வயர் ஆனபடியால் ரக்டர் ஏறுகிற இடத்தில் பி.வி.சி. குழாய்க்குள் விட்டுத் தாழ்க்கவும். எலியும் முள்ளம்பன்றியும் கடிக்கிற இடம் அது. மூட்டுப் போடவேண்டி வந்தால் முறுக்கி விடாமல் ஈயம் பற்றவைத்து, கொஞ்சம் கிறீஸ் பூசி மூடுங்கள், களிம்பு பிடிக்காது.